அரசே முதலாளி என்றால் நடுவர் யார்?

அரசுப் போக்குவரத்துக் கழகத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்ததும், அடுத்த சில நாட்களில் 'முத்தரப்புப் பேச்சுவார்த்தை' என்ற சொல் செய்திகளில் வந்துவிடும். சென்னையில் என்றால் பெரும்பாலும் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகம். ஒரு பக்கம் சங்கத் தலைவர்கள், எதிர்ப்பக்கம் கழக நிர்வாகம். மூன்றாவது தரப்பாக உட்காருபவர் தொழிலாளர் துறை அதிகாரி. சட்டத்தில் அவருக்குப் பெயர் சமரச அதிகாரி.

அவரால் முடியாததை முதலில் சொல்லிவிடலாம். அவர் தீர்ப்புச் சொல்ல முடியாது. 'நிர்வாகமே, இத்தனை ரூபாய் கொடு' என்று உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. இரு தரப்பையும் வரவழைக்கலாம், கணக்கு வழக்குகளைக் கேட்டு வாங்கலாம், தனித்தனியாக அழைத்துப் பேசலாம். அவ்வளவுதான். இதைக் கேட்டதும் 'அப்புறம் எதற்கு அவர்?' என்று தோன்றும். ஆனால் அவர் பேச்சுவார்த்தையைத் தொடங்கியதுமே இரு தரப்புக்கும் கட்டு விழுகிறது. தகராறில் உள்ள விஷயத்தில் தொழிலாளிக்குப் பாதகமாக நிர்வாகம் எதையும் மாற்றக்கூடாது. பேச்சு நடக்கும்போதும், அது முடிந்த பின் 7 நாட்கள் வரையும் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. செய்தால் அது சட்டவிரோதம்.

இன்னொன்று கையெழுத்து. தொழிலாளர்கள் '12(3) போட்டாச்சா?' என்று கேட்பது இதைத்தான். 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 12(3) பிரிவின்படி சமரச அதிகாரி முன்னிலையில் போடும் ஒப்பந்தம், அங்குள்ள எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும். சங்கத்தில் சேராதவர், கையெழுத்திடாத சங்கத்தில் இருப்பவர், நாளை வேலைக்கு வரப்போகிறவர் எல்லோரும் அதில் அடக்கம். நிர்வாகமும் சங்கமும் தாங்களாகவே போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும்.

சரி, ஒப்பந்தம் வரவில்லை என்றால்? பேச்சு முறிந்தது என்று சமரச அதிகாரி அறிக்கை எழுதுவார். பழைய சட்டத்தில் அந்த அறிக்கை அரசுக்குப் போகும். தகராறைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்புவதா என்பதை அரசுதான் முடிவு செய்யும். தனியார் ஆலை என்றால் இதில் பெரிய சிக்கல் இல்லை. போக்குவரத்துக் கழகத்தின் சொந்தக்காரரே அரசுதானே! வழக்கில் ஒரு கட்சியாக இருப்பவரிடமே நீதிமன்றக் கதவின் சாவியும் இருந்த மாதிரி. பஸ் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவையில் முறையாக நோட்டீஸ் கொடுத்திருந்தால், அது அற்பமானது அல்லது அனுப்புவது உசிதமல்ல என்று கருதினால் ஒழிய அரசு தகராறை அனுப்பியே ஆகவேண்டும் என்ற வாசகமும் அதே சட்டத்தில் இருந்தது. ஆனாலும் அதைத் தள்ளிப்போட அரசுக்கு வழிகள் இருந்தன.

2018 ஜனவரியில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். பழைய அடிப்படைச் சம்பளத்தை எதால் பெருக்கிப் புதிய சம்பளம் போடுவது என்பதுதான் சண்டை. அரசு ஊழியர்களுக்குக் கொடுத்தது போல 2.57 வேண்டும் என்றன சங்கங்கள். 2.44தான் முடியும் என்றது அரசு. 0.13தானே என்று தோன்றலாம். 10,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் அது மாதம் 1,300 ரூபாய். அன்றைய ஆளும் கட்சியான அதிமுகவின் சங்கம் உள்ளிட்ட சில சங்கங்கள் 2.44க்குக் கையெழுத்திட்டன. திமுகவின் தொமுச, மார்க்சிஸ்ட் கட்சி சார்ந்த சிஐடியு போன்ற சங்கங்கள் மறுத்தன. ஜனவரி 4 மாலை பஸ்கள் நின்றன. வேலைக்குத் திரும்பச் சொல்லி மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டும் போராட்டம் ஓயவில்லை. ஜனவரி 11 அன்று, அந்த 0.13 வித்தியாசத்தைப் பேசித் தீர்க்க ஓய்வுபெற்ற நீதிபதி ஈ.பத்மநாபனை நடுவராக நீதிமன்றம் நியமித்த பிறகுதான் வேலைநிறுத்தம் முடிந்தது. சம்பளம் அன்றே கூடிவிடவில்லை. கையை விரிக்கும் தரப்புக்கு வெளியே, கணக்கைக் கேட்க ஒருவர் கிடைத்தார். என் பார்வையில் அன்று பஸ்களை ஓடவைத்தது அதுதான்.

2025 நவம்பர் 21 முதல், 1947 சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்துவிட்டது. இதில் சமரச அதிகாரி இருக்கிறார், ஆனால் சாவி இடம் மாறியிருக்கிறது. வேலைநிறுத்த நோட்டீஸ் வந்திருந்தால், பேச்சு தொடங்கிய 14 நாட்களுக்குள் அவர் அறிக்கை தரவேண்டும். மற்றத் தகராறுகளில் 45 நாட்கள். பேச்சு தோற்றால், அறிக்கை கிடைத்த 90 நாட்களுக்குள் எந்தத் தரப்பும் நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அரசு அனுப்பிவைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த 14 நாள் நோட்டீஸ் இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் கட்டாயம். பாதிப்பேர் அல்லது அதற்கு மேல் சொல்லிவைத்தாற்போல ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே.

இதெல்லாம் கழகங்கள், வாரியங்கள், ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கு. தலைமைச் செயலக ஊழியருக்கோ பள்ளி ஆசிரியருக்கோ இந்த மேசை கிடையாது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமை இல்லை என்று 2003இல் தமிழ்நாட்டு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மத்திய அரசு ஊழியர்களுக்கு வேறு ஏற்பாடு. 1960 ஜூலையில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பின் பல ஆண்டுகள் பேசி, 1966இல் கூட்டு ஆலோசனை அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். உச்சியில் அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் தேசியக் கவுன்சில். அங்கே உடன்பாடு வராவிட்டால் நடுவர் மன்றம். அரசுத் தரப்பில் ஒருவர், ஊழியர் தரப்பில் ஒருவர், இருவரையும் சாராத தலைவர் ஒருவர் என மூன்று பேர். இவர்கள் தீர்ப்புச் சொல்லலாம், அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். ஆனால் எல்லை குறுகலானது: ஒரு பிரிவு ஊழியர்களின் சம்பளம் மற்றும் படிகள், வார வேலை நேரம், விடுப்பு. தனிநபர் குறைகள் வராது. தீர்ப்பை மாற்றவோ நிராகரிக்கவோ நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

ஏற்பாடு தொடங்கி இரண்டு வருடத்திலேயே சோதனை வந்தது. தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியக் கோரிக்கையை நடுவரிடம் விடுங்கள் என்று ஊழியர் தரப்பு கேட்டது. அரசு மறுத்தது. 1968 செப்டம்பர் 19 அன்று ஒருநாள் வேலைநிறுத்தம் நடந்தது. நடுவர் இருந்தும், அவரிடம் போகலாமா என்பதிலேயே தகராறு.

ஆகவே கழகத் தொழிலாளி இரண்டு தாள்களை விடாமல் கேட்டு வாங்கவேண்டும். ஒன்று, ஒப்பந்தத்தின் நகல்: அதில் சமரச அதிகாரியின் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். மற்றது, பேச்சு தோற்றது என்ற அறிக்கை: அது உங்கள் சங்கத்துக்கு வந்த தேதியைக் குறித்து வையுங்கள். 90 நாள் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.