வயிற்றுக் கொழுப்பைப் பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா?

ஒல்லியில் தொடங்கிப் பருமன் வரை வரிசையாக ஒன்பது உருவப் படங்கள். "இதில் நீ எந்த மாதிரி இருக்கே?" என்று மாணவரிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். 1983-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஸ்டங்கார்டு குழுவினர் வெளியிட்ட இந்தப் பட வரிசை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. செலவில்லை, யாரையும் தொட வேண்டியதில்லை. பாம்பன், தொண்டி மாதிரி கடலோர ஊர்ப் பள்ளிகளில் ஒரு வகுப்பையே சீக்கிரம் பார்த்து முடித்துவிடலாம்.

ஆனால் வயிற்றுக் கொழுப்பைக் கண்டுபிடிக்க இதை மட்டும் நம்பவே கூடாது என்பேன். கை கால் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் முன்தள்ளியிருக்கும் பையன்கள் நம் பக்கம் நிறைய. அப்படிப்பட்டவன் தயங்காமல் ஒல்லிப் படத்தைத் தொடுவான். அவன் பொய் சொல்லவில்லை. முன்பக்கமிருந்து பார்த்து வரைந்த படத்தில் தொப்பை தெரியாதே! வீட்டில் 'குண்டு' என்று கேட்டே வளர்ந்த பெண்ணோ, எடை சரியாக இருந்தும் பெரிய படத்தைக் காட்டுவாள். ஒல்லியாகத் தெரியும் உடலிலும் கொழுப்பு கூடியிருப்பது தெற்காசியரிடம் அதிகம். புனே மருத்துவர் யாஜ்னிக் இதைப் பல ஆண்டுகளாக எடுத்துச் சொல்லி வருகிறார். நமக்குச் சர்க்கரை நோய் இளவயதிலேயே வர இதுவும் ஒரு காரணம்.

தையற்கடை டேப் ஒன்று போதும். வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும்: 160 செ.மீ. உயரமென்றால் 80-க்குக் கீழே. பேன்ட் கட்டும் இடத்தில் அளந்தால் அளவு குறைத்துக் காட்டிவிடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக விட்டபின், இறுக்காமல் அளக்க வேண்டும்.

அப்புறம் கழுத்தைப் பாருங்கள். பின்கழுத்தில் வெல்வெட் மாதிரி தடித்த கறுப்பு இருந்தால் அழுக்கென்றும் வெயிலென்றும் சொல்லித் தேய்த்துவிடுகிறார்கள் அம்மாக்கள். தேய்த்தால் போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக அது இருக்கலாம். வயிறும் பெருத்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்த்துவிடுங்கள். மாதவிலக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போகிற பெண்பிள்ளைகளையும் கட்டாயம் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படங்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தன் உடலைப் பற்றி அந்தப் பிள்ளை என்ன நினைக்கிறது என்று பேச்சைத் தொடங்க அவை உதவும். பட்டினி கிடந்து மெலியப் பார்க்கும் பெண்ணைக்கூட அந்தப் பேச்சில்தான் கண்டுபிடிக்க முடியும். டேப் பிடிப்பது மட்டும் தனி அறையில், பெண்பிள்ளைகளுக்குச் செவிலியர் அக்கா கையால் நடக்கட்டும். அளவை அட்டையில் எழுதுங்கள், வகுப்பில் சத்தமாகப் படிக்காதீர்கள்.