ஹோல் ஃபுட்: முழு உணவா, தீட்டாத உணவா?

'ஹோல் ஃபுட்ஸ்' என்று தமிழில் எழுதினால் ஒரு சங்கடம் வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் 'முழுசு' என்பதற்கும் 'ஓட்டை' என்பதற்கும் ஒலி ஒன்று, எழுத்துத்தான் வேறு. தமிழ் எழுத்திலோ இரண்டும் ஹோல்தான். விவரம் தெரியாத ஒருவர் இது ஓட்டை போட்ட பண்டம் விற்கிற கடை, அதாவது மெதுவடைக் கடை என்று நினைத்துக்கொண்டால் அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது.

வடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டெக்ஸஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் 1980இல் ஒற்றைக் கடையாகத் தொடங்கி, இன்று 500க்கும் மேற்பட்ட கிளைகளோடு நிற்கும் அமெரிக்கப் பேரங்காடி அது. முழுப்பெயர் ஹோல் ஃபுட்ஸ் மார்க்கெட். ஆனால் பெயரில் இருக்கும் சொல் கடையைவிட மூத்தது. அதன் பொருளைத் தமிழில் பிடிப்பதும் நினைப்பதுபோல் சுலபமில்லை.

'ஹோல்' பழைய ஆங்கிலத்தில் 'ஹால்' என்று இருந்தது. ஊனமில்லாத, காயம்படாத, உடம்பு தேறிய என்பது பொருள். உடல்நலத்தைக் குறிக்கும் 'ஹெல்த்', காயம் ஆறுவதைக் குறிக்கும் 'ஹீல்', புனிதத்தைக் குறிக்கும் 'ஹோலி' மூன்றும் அதே வேரில் பிறந்தவை. எழுத்துக்கூட்டலில் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், யாரும் உச்சரிக்காத 'டபிள்யூ' எழுத்து 15ஆம் நூற்றாண்டு வாக்கில் சேர்ந்தது. ஆக ஆங்கிலத்துக்கு நலம் என்றால் குறைவுபடாமல் இருப்பது. நாம் நலத்தை 'நல்' என்ற வேரில் வைத்தோம். நலம், நன்மை, நல்லது எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள். கடைப்பெயரைக் கேட்கும் ஆங்கிலேயர் காதில் 'ஹெல்த்' லேசாக ஒலிக்கும். 'முழு உணவு' என்று கேட்கும் தமிழர் காதில் அது ஒலிக்காது. மொழிபெயர்ப்பில் முதலில் தொலைவது இதுதான்.

உணவோடு இந்தச் சொல் சேர்ந்தது ஆலைகளின் காலத்துக்குப் பின். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் உருளைகளால் அரைக்கும் ஆலைகள் வந்து கோதுமையின் தவிட்டையும் முளையையும் தனியே பிரித்தெடுத்தன. வெள்ளை மாவு மலிவாகி ஏழை வீட்டு ரொட்டியும் வெளுத்தது. அரிசிக்கும் அதே கதிதான். ஜாவாவில் கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் இழுத்து விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசி கொடுத்தால் எழுந்து நடப்பதையும் 1890களில் கவனித்தார். 1929இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மனிதர்களுக்கு நரம்பு தளர்ந்து கால் வலுவிழக்கும் பெரிபெரி, தவிட்டைத் தூர எறிந்ததால் வந்த நோய் என்று புரிந்தது இப்படித்தான்.

இந்தக் கதை குன்னூர் வழியாகவும் போகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில் பெரிபெரி ஆய்வுப் பிரிவு ஒன்று தொடங்கியது. நடத்தியவர் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். இந்தியாவின் பல வட்டாரச் சாப்பாடுகளை எலிகளுக்குப் போட்டு எடை பார்த்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் முதலிடம்; தீட்டிய அரிசியை நம்பிய மதராஸ் சாப்பாட்டு எலிகள் கடைசி. (நம் ஊரில் உட்கார்ந்துகொண்டே நம் சாப்பாட்டுக்கு இப்படி மார்க் போட்டிருக்கிறார்.) அந்த ஆய்வகம்தான் பிறகு ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. மெக்காரிசனின் முடிவுகளை இங்கிலாந்தில் ஆர்வத்தோடு படித்தவர்களில் ஈவ் பால்ஃபோர் ஒருவர். 1946இல் 'சாயில் அசோசியேஷன்' என்ற மண்வள இயக்கம் உருவாக முன்நின்றவர். அந்த வட்டாரத்து ஆட்கள் 1960இல் லண்டன் பேக்கர் தெருவில் திறந்த கடையின் பெயர் 'ஹோல்ஃபுட்'. ஒன்றும் நீக்காத தானியம், ரசாயனம் போடாத காய். சொல்லுக்குத் தெளிவான பொருள் இருந்த காலம் அது.

இனி ஆஸ்டின். 1978இல் ஜான் மேக்கி என்ற, படிப்பை முடிக்காத 25 வயது இளைஞரும் அவருடைய தோழி ரெனே லாசனும் குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் 45,000 டாலர் கடன் வாங்கி ஒரு சின்னக் கடை போட்டார்கள். பெயர் 'சேஃபர் வே'. 'சேஃப்வே' என்ற பெரிய பேரங்காடியைச் சீண்டுவதற்கு வைத்த பெயர். கடைச்சரக்கை வீட்டில் அடுக்கிவைத்ததற்காக வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்ல, இருவரும் கடைக்கே குடிவந்தார்கள். கடைக்கான கட்டடத்தில் குளியலறை ஏது? பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு குளித்தார்கள். இன்று பளபளக்கும் கிளைகளில் நடக்கும்போது இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தச் சைவக் கடை பெரிதாக ஓடவில்லை. 1980 செப்டம்பரில் கிளார்க்ஸ்வில் நேச்சுரல் குரோசரி என்ற இன்னொரு கடையோடு சேர்ந்து, 10,500 சதுர அடியில், 19 பணியாளர்களோடு 'ஹோல் ஃபுட்ஸ் மார்க்கெட்' பிறந்தது. சொல் விளக்கத்துக்கு முக்கியமான திருப்பம் இங்கேதான். பழைய ஆரோக்கிய உணவுக் கடைகள் கொஞ்சம் மடம் மாதிரி இருக்கும்: இருட்டான அறை, மூட்டைகளில் தானியம், வெள்ளைச் சர்க்கரைக்குத் தடை. புதிய கடை இறைச்சி விற்றது, பீர் விற்றது, ஒயின் விற்றது, காபியும் விற்றது. இடமும் வெளிச்சமான பேரங்காடி. அதாவது 'ஹோல் ஃபுட்' அல்லாததையெல்லாம் சேர்த்து விற்றதால்தான் 'ஹோல் ஃபுட்ஸ்' வளர்ந்தது. பெயர் வாசலில் நின்றது, பொருள் உள்ளே நெகிழ்ந்துகொண்டது. கடையில் குப்பையும் நிறையத்தான் விற்கிறோம் என்று 2009இல் ஒரு நேர்காணலில் மேக்கியே ஒப்புக்கொண்டார்.

கடை பிறந்த அடுத்த ஆண்டு, 1981 மே மாத இறுதியில், ஆஸ்டினில் 70 ஆண்டு காணாத வெள்ளம். சரக்கு, சாதனங்கள் எல்லாம் சேற்றில் போயின. சுமார் 4 லட்சம் டாலர் நட்டம், காப்பீடும் கிடையாது. வாடிக்கையாளர்களும் அக்கம்பக்கத்தாரும் வாளியும் துடைப்பமுமாக வந்து கழுவிக் கொடுத்தார்கள். கடன் கொடுத்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். 28ஆம் நாள் கடை திறந்தது. அதன்பின் நடந்தது பெரும்பாலும் வாங்கல் கணக்கு: 1992இல் பங்குச்சந்தைக்கு வந்து, வேறு ஊர்களின் இதே மாதிரிக் கடைகளை ஒவ்வொன்றாக விழுங்கி, 2007இல் பெரிய போட்டியாளரான வைல்ட் ஓட்ஸையும் வாங்கி, கடைசியில் 2017இல் 1,370 கோடி டாலருக்குத் தானே அமேசானின் கைக்குப் போனது.

விலை ஏற ஏற மக்கள் வைத்த பட்டப்பெயர் 'ஹோல் பேசெக்'. இந்தச் சிலேடை தமிழில் சேதாரமில்லாமல் இறங்குகிறது: முழுச் சம்பளம். உள்ளே போனால் சம்பளம் முழுசாகக் காலி. கடையின் பெயரை மொழிபெயர்க்கத் தடுமாறும் 'முழு', கிண்டலை மொழிபெயர்க்கச் சரியாக உட்கார்கிறது பாருங்கள்.

ஏன் தடுமாறுகிறது? மளிகைக் கடையில் நின்று பார்த்தால் தெரியும். "உளுந்து ஒரு கிலோ" என்றால் அண்ணாச்சி தலை நிமிராமல் கேட்பார்: "முழுசா, உடைச்சதா?" முழுசு என்றால் வெள்ளை வெளேரென்ற உருட்டு உளுந்து வரும். தோல் போயிருக்கும், ஆனாலும் அது முழு உளுந்துதான். கருப்புத் தோலோடு வேண்டுமென்றால் "தோலுளுந்து" என்று தனியாகச் சொல்ல வேண்டும். தமிழில் தானியத்துக்கு முன் வரும் 'முழு' உடையாத உருவத்தைச் சொல்கிறது. ஆங்கில 'ஹோல்' எதையும் நீக்கவில்லை என்று சொல்கிறது. தவிடு போன வெள்ளை அரிசிகூட, நொய் இல்லாவிட்டால், நமக்கு முழு அரிசிதான். போதாக்குறைக்கு 'முழு உணவு' என்று பலகை வைத்தால் உள்ளே ஃபுல் மீல்ஸ் போடுகிறார்கள் என்று இலையைத் தேடி உட்கார்ந்துவிடுவோம்.

'நிறையுணவு' என்று சொல்லலாம் என்பவர்கள் உண்டு. அது எல்லாச் சத்தும் அடங்கியது என்று நாம் சொல்லும் உணவுக்கு ஏற்கெனவே புழங்குகிற சொல். 'இயற்கை உணவு' வேறு பிரச்சினை, பச்சைக் காய்கறியாகச் சாப்பிடுவது வரைக்கும் அது இழுபடும். 'ஆர்கானிக்' என்பதும் இதுவும் ஒன்றல்ல. ஆர்கானிக் கோதுமையிலும் மைதா அரைக்கலாம். அமெரிக்காவில் ஆர்கானிக்குக்கு என்று 1990இல் சட்டமே வந்தது.

என் தேர்வு 'தீட்டாத உணவு'. அரிசி தீட்டுதல் என்பது நம் ஆலைச்சொல். யாழ்ப்பாணத்துக் கடைகளில் 'தீட்டாத பச்சை' என்றே கேட்டு வாங்குவார்கள். தமிழ்நாட்டில் 'பாலிஷ் போடாத அரிசி' என்கிறோம், அதுவும் அதே பொருள்தான். அதற்கு முன்னால் 'கைக்குத்தல்' இருந்தது. ஒரு நெருடல் உண்டு: 'தீட்டு' என்றால் இன்னொன்றும் நினைவுக்கு வரும். ஆனால் ஓவியம் தீட்டும்போதும் கத்தி தீட்டும்போதும் யாரும் தயங்குவதில்லையே. காய், பழம், பருப்புக்கு இந்தச் சொல் ஒட்டாதுதான். அங்கே 'தோல் நீக்காத', 'தோலோடு' என்று நேராகச் சொல்லிவிடலாம். கடையின் பெயரை மட்டும் ஹோல் ஃபுட்ஸ் என்றே விட்டுவிடுவது நல்லது.

தவிடு என்றதும் சின்ன வயதில் வீட்டில் சீண்டியது ஞாபகம் வருகிறது: "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்." அழுகை வரும். மாட்டுக்குப் போடுகிற, விலையே இல்லாத சரக்குக்கு ஈடாகப் பிள்ளையை மாற்றிக்கொண்டார்கள் என்பதுதானே அதில் உள்ள அவமானம். இப்போது கோதுமைத் தவிட்டைத் தனியாகப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். பக்கத்து அடுக்கில் 'முழுக்கோதுமை மாவு' என்ற பை இருக்கிறது. அந்தப் பெயரை மட்டும் நான் மாற்றச் சொல்ல மாட்டேன். மாவில் உடைவதற்கு உருவம் இல்லை, அதனால் அங்கே 'முழு' என்றால் தவிடும் உள்ளே இருக்கிறது என்றுதான் எல்லோருக்கும் புரிகிறது.