செனான் வாயுவை இழுத்து, தழும்பேறிய நுரையீரலைப் படம் பிடிப்பது எப்படி?

நுரையீரலில் தழும்பு படரும் நோய்கள் பல. அவற்றில் மிகக் கொடியது, இன்ன காரணம் என்று தெரியாமலே வரும் ஐ.பி.எஃப். (இடியோபதிக் பல்மனரி ஃபைப்ரோசிஸ்). காற்றறைகளின் மெல்லிய சுவர் தடித்து இறுகிவிடும். ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போகத் திணறும். சிகிச்சை இல்லையென்றால், நோய் தெரிந்த பிறகு பலருக்கு 3 முதல் 5 ஆண்டுகள்தான். பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் என்ற இரண்டு மருந்துகளுக்கும் 2014-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. இவை தழும்பை நீக்குவதில்லை, அது பரவும் வேகத்தைத்தான் குறைக்கின்றன. ஆகவே மருந்து பலிக்கிறதா என்பது சீக்கிரம் தெரிந்தாக வேண்டும்.

இப்போதுள்ள சோதனைகள் இதற்குப் போதவில்லை. கருவிக்குள் ஊதிப் பார்க்கும் சோதனை இரண்டு நுரையீரலுக்கும் சேர்த்து ஒரே எண்ணைத் தருகிறது. எந்த மூலையில் கெட்டிருக்கிறது என்று அது சொல்லாது. சி.டி. ஸ்கேன் தழும்பின் இடத்தைக் காட்டும். அங்கே வாயு ரத்தத்துக்குள் போகிறதா என்று காட்டாது. வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் நுரையீரல் கிட்டத்தட்ட வெறும் கறுப்பு. எம்.ஆர்.ஐ. கேட்பது பெரும்பாலும் நீரில் உள்ள ஹைட்ரஜன் கருக்களின் சமிக்ஞையை. நுரையீரலிலோ நிறைந்திருப்பது காற்று.

சரி, அந்தக் காற்றையே பேச வைத்தால்? அதற்கு உதவுவதுதான் செனான் வாயுவின் ஒரு வகையான செனான்-129. இதன் அணுக்கரு ஒரு நுண்ணிய காந்தம். ஆனால் சாதாரண நிலையில் பாதிக் கருக்கள் ஒரு திசையையும் மீதிப் பாதி எதிர்த்திசையையும் பார்ப்பதால் சமிக்ஞை ஏறக்குறைய ரத்தாகிவிடும். வலுவான எம்.ஆர்.ஐ. காந்தத்துக்குள் வைத்தாலும் ஒரு பக்கம் மிஞ்சுவது பத்து லட்சத்துக்கு ஒன்றிரண்டுதான். இதைத் தாண்டக் கண்ட வழி எனக்குப் பெரும் வியப்பைத் தருகிறது. ருபீடியம் உலோகத்தை ஆவியாக்கி, அதன்மீது 795 நானோமீட்டர் லேசர் ஒளியை, அதன் அதிர்வு ஒரே பக்கமாகச் சுழலும்படி ஆக்கிப் பாய்ச்சுகிறார்கள். ருபீடியத்தின் எலக்ட்ரான்கள் ஒரே திசையில் அணிவகுக்கின்றன. செனானோடு மோதும்போது அந்த ஒழுங்கை அதன் கருவுக்குக் கொடுத்துவிடுகின்றன. சமிக்ஞை பல பத்தாயிரம் மடங்கு கூடுகிறது. 1994-இல் எலியின் நுரையீரலை இப்படித்தான் முதலில் படமாக்கினார்கள்.

நோயாளி ஒரு பையிலிருந்து செனானை இழுத்து, பத்துப் பதினைந்து நொடி மூச்சடக்கினால் போதும். உடலைச் சுற்றிய சுருள், ஹைட்ரஜனுடையதல்ல, செனானின் அதிர்வெண்ணைக் கேட்கும். செனான் கதிரியக்கம் உள்ளதல்ல. அதிக அளவில் அது மயக்க மருந்து என்பதால், சிலருக்குச் சில நொடிகள் லேசாகத் தலை சுற்றலாம்.

இனிமேல்தான் தழும்பு நோய்க்கு முக்கியமான விஷயம். செனான் திசுவில் கரையக்கூடியது. ஆக்சிஜன் போகும் வழியிலேயே அதுவும் போகிறது. போகும் இடத்துக்கேற்ப அதன் அதிர்வெண் மாறுகிறது. காற்றறையில் இருப்பதைவிட, சுவரில் கரைந்தபின் அது பத்து லட்சத்தில் சுமார் 200 பங்கு நகர்கிறது. சிவப்பணுவுக்குள் போனால் இன்னும் 20 பங்கு. வித்தியாசம் சிறியதுதான், ஆனால் கருவி அதைத் தெளிவாகப் பிரித்துவிடும். அதனால் ஒரே மூச்சில் மூன்று வரைபடம் கிடைக்கிறது: காற்று எங்கே போனது, சுவர் எவ்வளவு வாங்கியது, ரத்தத்துக்கு எவ்வளவு சேர்ந்தது.

ஐ.பி.எஃப். நோயாளியின் படத்தில் காற்று பெரும்பாலும் நன்றாகவே பரவியிருக்கும். தடித்த சுவரோ வழக்கத்தைவிட அதிக செனானை வைத்துக்கொண்டிருக்கும். சிவப்பணுவில் கொஞ்சமே தெரியும். சுவரோடு ஒப்பிட்டால் சிவப்பணுவின் பங்கு விழுந்திருந்தால், தடங்கல் சுவரில் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அப்புறம் இன்னொன்று: சிவப்பணு சமிக்ஞை ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் ஏறி இறங்குகிறது. தழும்பு நோயோடு அடிக்கடி சேர்ந்து வரும் நுரையீரல் உயர் ரத்த அழுத்தத்தைப் பிரித்தறிய இந்தத் துடிப்பு கைகொடுக்கும் என்று ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் டியூக், இங்கிலாந்தில் ஷெஃபீல்டு ஆகிய பல்கலைக்கழகங்கள் இந்தத் துறையில் நெடுங்காலமாக உழைத்து வருகின்றன.

2022 டிசம்பரில் அமெரிக்க மருந்துத் துறை இந்தச் செனானுக்கு அனுமதி தந்தது. ஆனால் அது காற்றுப் பரவலைப் பார்க்க மட்டும். சுவரையும் ரத்தத்தையும் காட்டும் வரைபடங்கள் அந்த அனுமதிக்குள் வரவில்லை. லேசர் கருவி, தனிச் சுருள், பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் வேண்டும் என்பதால் சில மையங்களில்தான் இது நடக்கிறது. மருந்துச் சோதனைகளில் இதை முதலில் பரவலாக்க வேண்டும் என்பேன். மூச்சளவு குறையும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பதற்குப் பதிலாக, புது மருந்தால் சுவரில் மாற்றம் வருகிறதா என்று அங்கே நேராகப் பார்த்துவிடலாம்.