மழை விட்டாச்சு, மண்ணு விட்டுச்சா?

கொடுங்கையூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு. "அண்ணா, புதுசா எம்டிபி, அதான் மலைப்பாதைல ஓட்டற மவுண்டன் பைக் சைக்கிள், வாங்கிருக்கேன், ஞாயித்துக்கிழமை செங்குன்றம் தாண்டி மண் பாதைல ஓட்டலாம்னு பிளான். வியாழக்கிழமை ராத்திரி செம மழை. மழை விட்டு எத்தனை நாள் கழிச்சு போலாம்?"

நாள் கணக்கு இங்க வேலைக்கு ஆகாது தம்பி. ஒரே ராத்திரி பெஞ்ச ஒரே மழைதான், ஆனா எண்ணூர் கடக்கரை மணல்ல மறுநாள் காலைலயே வண்டிய விடலாம், செங்குன்றத்து செம்மண் சரளைல ரெண்டு மூணு நாள் நல்லா வெயில் அடிச்சா போதும், மணலி பக்கம் சதுப்ப ஒட்டின களிமண்ல ஒரு வாரம் ஆனாலும் சக்கரம் சுத்தாம நிக்கும். இன்னொண்ணு, ஈரம் கொஞ்சம்கூட இல்லாம போனாலும் மண்ணு ஓட்டறதுக்கு லாயக்கில்ல. மே மாசத்துல காஞ்சு பவுடரா கெடக்கற செம்மண்ல ஒரு திருப்பத்துல படுத்து பாருங்க, முன் சக்கரம் அது பாட்டுக்கு ஒரு பக்கம் போகும். மலைப்பாதைல சைக்கிள் ஓட்டறவங்க உலகம் பூரா ஏங்கறது லேசா ஈரம் இருக்கற மண்ணுக்குத்தான். அதனால மண்ணு ஈரமா இருக்கான்னு கேக்காதீங்க, அந்த ஈரம் எவ்ளோ சின்ன இடுக்குல போயி உக்காந்திருக்குன்னு கேளுங்க.

மணல், வண்டல், களின்னு மூணு சைஸ் இருக்கறது ஸ்கூல்லயே படிச்சதுதான். மணல்னா கண்ணுக்கு தெரியற பருக்கை, களின்னா 0.002 மில்லிமீட்டருக்கும் கீழ, அதுவும் உருண்டையா இல்லாம தட்டையா தகடு தகடா இருக்கும், நடுவுல இருக்கறது வண்டல். அவ்ளோதான், மேல போவோம்.

ரெண்டு மண் துகள் ஒட்டி நிக்குது, அது தொடற எடத்துல ஒரு துளி தண்ணி மாட்டிருக்குன்னு வெச்சுக்கோங்க. அந்த துளியோட வெளிப்பக்கம் நேரா இருக்காது, உள்பக்கமா குழிஞ்சு வளைஞ்சிருக்கும். பரப்பு இழுவிசை அந்த வளைவ விறைப்பா பிடிச்சு வெச்சிருக்கறதால துளிக்கு உள்ள இருக்கற அழுத்தம் வெளிய இருக்கற காத்தழுத்தத்த விட கம்மியா போயிடும். உள்ள கம்மி, வெளிய ஜாஸ்தின்னா என்ன ஆகும், ரெண்டு துகளும் ஒண்ண நோக்கி ஒண்ணு இழுபடும். பசையும் கெடையாது சிமெண்டும் கெடையாது, வெறும் தண்ணிதான் மண்ண கட்டிப் போட்டிருக்கு. இதுல அழகு எங்கன்னா, இடுக்கு எவ்ளோ சின்னதோ இழுவை அவ்ளோ பெருசு. இடுக்கோட ஆரம் பாதியானா இழுவை ரெண்டு மடங்கு. கணக்கும் ஈஸிதான், பரப்பு இழுவிசைய ரெண்டால பெருக்கி ஆரத்தால வகுத்துடணும். நம்ம ஊர் சூட்டுல தண்ணியோட பரப்பு இழுவிசை மீட்டருக்கு சுமார் 0.07 நியூட்டன். மணல் இடுக்கு 0.1 மில்லிமீட்டர் ஆரம்னு எடுத்தா இழுவை வெறும் 0.2 பிஎஸ்ஐ, டயருக்கு காத்து அடிக்கும்போது சொல்றோமே அதே அழுத்த அளவு. களிமண்ல 0.001 மில்லிமீட்டர்னு எடுத்தா அதே கணக்கு 20 பிஎஸ்ஐ கிட்ட வந்து நிக்கும்.

பிஎஸ்ஐல சொன்னதுக்கு காரணம் இருக்கு. உங்க எம்டிபி டயர்ல காத்து எவ்ளோ அடிப்பீங்க, 25 பிஎஸ்ஐ? டயர் தரைய அமுக்கற அழுத்தமும் ஏறக்குறைய அதேதான், வெயிட் ஏறினா டயர் நசுங்கி தொடற பரப்பு பெருசாகுமே தவிர அழுத்தம் பெருசா மாறாது. ஒண்ணுல இருந்து ஒண்ண நேரடியா கழிச்சு பாக்கற விஷயம் இல்ல இது, உராய்வு இருக்கு, துகள் எப்படி அடுக்கிருக்குன்னு ஒண்ணு இருக்கு. ஆனாலும் கண்ணுக்கே தெரியாத இடுக்குல இருக்கற கொஞ்சூண்டு தண்ணி உங்க டயர் காத்துக்கு சமமா மல்லு கட்டுதுங்கறது எனக்கு எப்ப நெனச்சாலும் மெர்சலா இருக்கும். ஃபேட் பைக், அதான் ரொம்ப தடிமனான டயர் சைக்கிள், வெச்சிருக்கறவங்க 8 பிஎஸ்ஐல மணல் மேல மெதந்து போறதும், மெல்லிசு டயர்ல 100 பிஎஸ்ஐ அடிச்ச ரேஸ் சைக்கிள் அதே மணல்ல கத்தி மாதிரி எறங்கறதும் இதனாலதான்.

இப்போ மழை வலுக்குது, இடுக்கெல்லாம் முழுசா ரொம்பிடுச்சு. வளைஞ்ச மேற்பரப்பே இல்ல. வளைவு போனா இழுவையும் போச்சு, 20 பிஎஸ்ஐ ஒரேயடியா ஜீரோ. கடக்கரைல இத காலால பாக்கலாம். காசிமேடு, திருவொத்தியூர் பக்கம் நடக்கறவங்க எல்லாருக்கும் தெரியும், மேல காஞ்ச மணல்ல கால் புதையும், அலை தொட்டு தொட்டு போற ஈர மணல்ல ரோடு கணக்கா நடக்கலாம், அதே எடத்துல தண்ணிக்குள்ள அசையாம நின்னா கொஞ்சம் கொஞ்சமா எறங்கும். அப்புறம் ஈர மணல்ல அழுத்தி கால் வெச்சா சுத்தி ஒரு வட்டம் திடீர்னு வெளுத்து காஞ்ச மாதிரி ஆகும் பாருங்க, அது தண்ணி பிழிஞ்சு வெளிய போனதால இல்ல. நெருக்கமா அடுக்கிருந்த மணல் மிதிச்சதும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இடுக்கு பெருசாகுது, மேல இருந்த தண்ணி உள்ள உறிஞ்சிக்குது. 1885-ல ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் இன்ஜினியர் சொன்ன விளக்கம் இது. டாபிக்ல இருந்து கொஞ்சம் வெலகிட்டேன், ஆனா இத சொல்லாம தாண்ட மனசு வரல.

மணல்ல தண்ணி சடசடன்னு எறங்கிடும். களிமண்ல தண்ணி நகர்ற வேகம் அத விட லட்சம் மடங்கு கூட கம்மியா இருக்கலாம். டயர் ஒரு எடத்த தாண்டறது கண் இமைக்கற நேரம், அதுக்குள்ள இடுக்குல இருக்கற தண்ணிக்கு வெளிய போக டைமே கெடையாது, அதனால உங்க வெயிட்ட துகளுக்கு பதிலா தண்ணி தாங்குது. தண்ணி வெயிட் தாங்கும், ஆனா பக்கவாட்டுல வழுக்காம பிடிக்காது. மண்ணோட பலம்ங்கறது மொத்த அழுத்தத்துல தண்ணி தாங்கறத கழிச்சது போக துகளுக்கு துகள் எவ்ளோ அமுக்குதோ அதுதான்னு கண்டுபிடிச்சு சொன்னவர் கார்ல் டெர்சாகின்னு ஒரு ஆஸ்திரிய இன்ஜினியர், 1920கள்ல, இஸ்தான்புல்ல வாத்தியார் வேலை பாத்துக்கிட்டே. நம்ம மெட்ரோ தூணுக்கு அடித்தளம் போடற கணக்கும், நீங்க சேத்துல சறுக்கி விழற கணக்கும் ஒண்ணுதான்.

சரி, சறுக்கி விழுந்தா விழுந்துட்டு போறேன், முட்டி என்னோடது, இதுல பாதைக்கு என்ன நஷ்டம்னு கேப்பீங்க. மீஞ்சூர், பொன்னேரி பக்கம் நெல்லு போடறவங்கள பாருங்க. நடவுக்கு முன்னாடி வயல்ல தண்ணி கட்டி, டிராக்டர்ல கேஜ் வீல்னு கூண்டு மாதிரி இரும்புச் சக்கரம் மாட்டி சேத்து உழவு ஓட்டுவாங்க. ஈரத்தோட மண்ண மசிச்சா அதுல இருந்த கட்டி, துளை எல்லாம் ஒடைஞ்சு களித்தகடு படுக்கையா படிஞ்சிடும், அதுக்கப்புறம் கட்டின தண்ணி கீழ எறங்காம நிக்கும். நெல்லுக்கு அது வேணும், அதுக்காக டீசல் செலவு பண்றாங்க. நீங்க ஈரப்பாதைல சைக்கிள் ஓட்டும்போது அதே சேத்து உழவத்தான் ஓசில ஓட்டறீங்க, அடுத்த மழைல அந்த எடத்துல தண்ணி எறங்காது, குட்டை கட்டும், குட்டை கட்டினா காயாது, காயறதுக்குள்ள இன்னொருத்தன் வந்து ஓட்டுவான். சரிவான எடம்னா இன்னும் மோசம், பரவலா வழிஞ்சு போயிருக்க வேண்டிய தண்ணி டயர் தடத்துக்குள்ள ஒண்ணு சேந்து ஓடி அறுத்துக்கிட்டே போகும். ஏரிக்கரைல இந்த வேலைய கண்டிப்பா பண்ணாதீங்க. புழல் ஏரி 1876-ல கட்டினது, அந்த மாதிரி மண்கரை நிக்கறதே இறுகின மண்ணாலயும் மேல இருக்கற புல் வேராலயும்தான். அனுமதி இருக்கற எடமா இல்லையான்னு மொதல்ல கேட்டுக்கோங்க, இருந்தாலும் ஈரத்துல வேணாம்.

மண்ணு ஓட்டறதுக்கு ரெடியான்னு எப்படி பாக்கறது, அந்த டெஸ்டுக்கு வருவோம். மேல்மண்ண எடுக்காதீங்க, ரெண்டு இன்ச் தோண்டி உள்மண்ணு ஒரு உருண்டை எடுத்து, கல்லு சல்லி பொறுக்கி போட்டுட்டு, முறுக்கு மாவு உருட்டற மாதிரி வழவழப்பான ஒரு எடத்துல உள்ளங்கையால திரியா உருட்டுங்க. 3 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிஞ்சும் உடையாம நீண்டுக்கிட்டே போனா ஈரம் ஜாஸ்தி, வண்டிய திருப்புங்க. 3 மில்லிமீட்டர் வர்றதுக்குள்ள பொடிஞ்சு உதிர்ந்தா போலாம். இது நான் கெளப்பிவிட்டது இல்ல, ஆல்பர்ட் அட்டர்பெர்க்னு ஸ்வீடன் வேதியியலாளர் 1911-ல மண்ணு எப்போ கொழகொழன்னு ஆகுது, எப்போ வளையுது, எப்போ ஒட்டுதுன்னு வரிசையா எல்லை போட்டாரு, அதுல ஒண்ணு. இன்னிக்கும் நம்ம சிவில் இன்ஜினியரிங் பசங்க லேப்ல உக்காந்து இதே திரிய உருட்டறாங்க, ஐஎஸ் 2720 ஐந்தாம் பாகம்னு இந்தியத் தரமே இருக்கு. பல கோடி ரூபா ரோடு வேலைக்கு மண்ண பாஸ் பண்றது கடைசில ஒருத்தரோட உள்ளங்கைதான். மணல் மட்டும் திரியே வராது, அதுக்கு இந்த டெஸ்ட் தேவையும் இல்ல.

உள்மண்ணுன்னு அழுத்தி சொன்னேன்ல, அதுக்கும் காரணம் இருக்கு. மழை விட்டதும் மேல இருக்கற தண்ணி வேகமா ஆவியாகும், அது வெயிலும் காத்தும் பாத்து நடக்கற வேலை. மேல ஒரு காஞ்ச பொருக்கு விழுந்ததும் கீழ இருக்கற தண்ணி ஆவியா மாறி அந்த பொருக்க ஊடுருவித்தான் வெளிய வரணும், ரொம்ப நிதானமாயிடும். பாக்க வெளுப்பா காஞ்ச பாதை, உள்ள அல்வா. பழைய ஸ்போக் கம்பி ஒண்ணு பையில போட்டுக்கோங்க, பொருக்க தாண்டினதும் சர்ருனு எறங்கினா நம்பாதீங்க. அதுவும் வடகிழக்கு பருவமழை டைம்ல, மேகமூட்டம், புழுக்கமான காத்து, டிசம்பர் நடுமதியத்துலயே சூரியன் தெக்கால சாஞ்சு 53 டிகிரி உயரத்துலதான் நிக்கும், கெழக்கு மேக்கா போற கரைன்னா வடக்கு சரிவு கடைசிலதான் காயும். மே மாச கோடை மழைன்னா கதையே வேற, சாயங்காலம் பெஞ்சது மறுநாள் சாயங்காலத்துக்குள்ள இருந்த எடம் தெரியாது.

நம்ம ஆளுங்க மழைய மட்டும் ராடார் படம், புயல் பேருன்னு நிமிஷத்துக்கு நிமிஷம் பாப்போம், விழுந்த மழை மண்ணுக்குள்ள என்ன ஆச்சுன்னு யாரும் கேக்க மாட்டோம். ஆனா அதுக்குன்னே ஒண்ணு மேல சுத்திக்கிட்டு இருக்கு. 2025 ஜூலை 30-ஆம் தேதி சாயங்காலம் ஸ்ரீஹரிகோட்டால இருந்து நிசார் போச்சே, வானம் தெளிவா இருந்தா நம்ம மொட்டை மாடில இருந்தே தெரியற ராக்கெட்டு, அதுல போன நிசார் இஸ்ரோவும் நாசாவும் சேந்து செஞ்ச ராடார் சேட்டிலைட். அதோட வேலைல ஒண்ணு மண் ஈரத்த அளக்கறது. சுமார் 24 சென்டிமீட்டர் அலைநீளத்துல ரேடியோ அலைய அனுப்பும், மின்புலத்துக்கு தண்ணி வளைஞ்சு குடுக்கற அளவு 80, காஞ்ச மண்ணுக்கு 3, 4தான், அதனால ஈரமண்ணு அலைய பலமா திருப்பி அனுப்பும். ஆனா 200 மீட்டர் கட்டத்துக்கு ஒரு நம்பர்தான் குடுக்கும், ஒத்தையடிப் பாதைக்கு அது உதவாது. எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, சேட்டிலைட்டுக்கு செலவு பண்றது நியாயம்தான், அதுல ஒரு துளி எடுத்து ஒவ்வொரு ஏரிக்கும் பக்கத்துல மண்ணுக்குள்ள ஒரு ஈர சென்சார் பொதைச்சு நம்பர எல்லாருக்கும் தெரியற மாதிரி போட்டா விவசாயி, கரை பாக்கற அதிகாரி, சைக்கிள்காரன்னு அத்தனை பேருக்கும் ஆகும். மழை வரணும்னு கழுதைக்கு கல்யாணம் பண்ணி பந்தி போடற காசுக்கே சென்சார் வாங்கிடலாம்.

எல்லாம் பாத்து போயும் நடுவழில சேறு வந்துட்டா, ஓரமா புல் மேல ஏறி சுத்திப் போறது பலருக்கு வழக்கம். அப்படி ஒவ்வொருத்தரா ஒதுங்கித்தான் ஒரு அடி பாதை பத்தடி சேறாகுது. எறங்கி, வண்டிய தூக்கிக்கிட்டு, பாதையோட நடுவுலயே நடந்து தாண்டுங்க. ஷூ நனையும், பரவால்ல. வீட்டுக்கு வந்ததும் சேறு காயறதுக்குள்ள பக்கெட் தண்ணியும் பிரஷ்ஷும் போட்டு கழுவிடுங்க, வாட்டர் வாஷ் கடைல குடுத்து ஹப் (சக்கரத்தோட நடு அச்சு) மேலயும் பிபி (பெடல் அச்சு சுத்தற எடம்) மேலயும் பிரஷர் கன் அடிக்க விடாதீங்க, உள்ள இருக்கற கிரீஸ் போயி தண்ணி பூந்துடும்.