விளக்கைப் போட்டது யார்?

ஈசூன் வீவக வீட்டில் அம்மா தனியாக இருப்பார், மகள் செங்காங்கிலிருந்து ஆப்பில் கவனித்துக்கொள்வார். காலை 6.30க்குச் சமையலறை விளக்கு எரிந்தால் "அம்மா எழுந்தாச்சு" என்று நிம்மதியாக வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஸ்மார்ட் சுவிட்ச் பொருத்தப் போகும் இப்படிப்பட்ட வீடுகளில் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த விளக்கைப் போட்டது அம்மாவா, நீங்கள் வைத்த டைமரா? பெரும்பாலும் பதில் வராது.

ஆப்பின் முகப்பில் விளக்கு எரிவது மட்டும்தான் தெரியும். வீட்டிலுள்ள ஸ்மார்ட் சாதனங்களை எல்லாம் ஒரே இடத்தில் இயக்கும் ஹோம் அசிஸ்டெண்ட் மென்பொருள் வைத்திருந்தால் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம். யாராவது அதன் ஆப்பில் தட்டியிருந்தால் அந்தப் பதிவில் யூசர் ஐடி, அதாவது தட்டியவரின் அடையாளம், இருக்கும். ஆட்டோமேஷன், அதாவது அதில் எழுதிவைத்த தானியங்கி விதி, போட்டிருந்தால் பேரண்ட் ஐடி, அதாவது அதைத் தூண்டிய நிகழ்வின் அடையாளம், இருக்கும். சுவர் சுவிட்சை அழுத்தியிருந்தால் இரண்டுமே காலி.

சரி, காலி என்றால் கைதான் என்று முடிவு கட்டிவிடலாமா? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சுவிட்ச் கம்பெனியின் சொந்த ஆப்பில் வைத்த டைமர் ஓடினாலும் இரண்டும் காலியாகத்தான் வரும். கரண்ட் போய் வந்து விளக்கு தானாக எரிந்தாலும் அப்படியே. அதனால் கம்பெனி ஆப்பில் இருக்கும் டைமர்களை அழித்துவிட்டு, எல்லாவற்றையும் ஹோம் அசிஸ்டெண்ட்டிலேயே வையுங்கள்.

அம்மா எழுந்தாரா என்று தெரிய விளக்கை விட கெட்டில் நல்ல சாட்சி. மின்சாரம் அளக்கும் 13 ஆம்ப் ஸ்மார்ட் பிளக்கில் அதைச் செருகிவிட்டால், தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்ததும் வாட் கிடுகிடுவென ஏறும். அந்தப் பிளக்குக்கு மட்டும் எந்த டைமரும் வைக்காதீர்கள்.

ஏர்கான் விஷயம் இன்னும் மோசம். ரிமோட் போலவே வேலை செய்யும் இன்ஃப்ராரெட் பெட்டி, ஆப்பிலிருந்து வரும் கட்டளையை ஏர்கானுக்கு அனுப்பும், அவ்வளவுதான். ஏர்கான் திரும்பப் பதில் சொல்லாது. அம்மா ரிமோட்டை எடுத்து அணைத்திருப்பார், ஆப்போ ஓடுகிறது என்றே காட்டிக்கொண்டிருக்கும். அந்த லைனில் மின் அளவி வைத்தால் உண்மை தெரியும். ஆனால் அது எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர் செய்ய வேண்டிய வேலை, நீங்களே மின்பெட்டியைத் திறக்காதீர்கள்.

அப்புறம், இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. தாத்தா விளக்கைப் போட்டு அசையாமல் பேப்பர் படிப்பார். அசைவைக் கவனிக்கும் சென்சர் ஆளில்லை என்று நினைத்து அணைத்துவிடும். கையால் போட்ட விளக்கை ஆட்டோமேஷன் 2 மணி நேரத்துக்குத் தொடக்கூடாது என்று நான் எழுதிவைப்பது இதற்காகத்தான். இது இல்லாத வீடுகளில் சென்சர் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தாத்தாவைக் குறை சொல்ல முடியாது.