உடந்தை

'கம்ப்ளிசிட்டி' (complicity) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் என்ன என்று கேட்டால் சட்டென்று 'கூட்டுச்சதி' என்பவர்கள் உண்டு. பொருந்தாது. சதி என்றால் முன்கூட்டியே உட்கார்ந்து பேசித் திட்டம் போட்டிருக்க வேண்டும். இதற்கு அவ்வளவு தேவையில்லை. நடப்பது தவறு என்று தெரிந்தும் கைகொடுத்தால் போதும்.

இலத்தீனில் 'காம்ப்ளிகாரே' என்றால் சேர்த்து மடிப்பது. அந்த வேர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஆஸ்பத்திரியில் 'கேஸ் காம்ப்ளிகேட்டட்' என்கிறார்களே, அதுவும் இதே மடிப்புதான்.

தமிழில் சரியான சொல் உடந்தை. 'உடன்' என்பதிலிருந்து பிறந்தது. பழைய அகராதிகளில் உறவு என்ற பொருளும் இருக்கிறது. இன்று குற்றத்தோடு மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. 'உடந்தையாக இருந்த மைத்துனர் கைது' என்று செய்தித்தாளில் படித்துப் படித்து, ஏதோ நகைத் திருட்டுக்கான சொல் போல ஆகிவிட்டது. அது எவ்வளவு கனம் தாங்கும் என்பதற்கு ராவென்ஸ்ப்ரூக் ஒன்று போதும்.

பெர்லினுக்கு வடக்கே நாஜிகள் நடத்திய பெண்கள் வதைமுகாம் அது. கிருமித்தொற்றுக்கான சல்ஃபா மருந்தைச் சோதிப்பதற்காக, 1942 கோடையில் நாஜிகளின் எஸ்.எஸ். படை மருத்துவர் கார்ல் கெப்ஹார்ட்டின் குழு கைதிகளின் கால்களைக் கீறி, புண்ணுக்குள் கிருமிகளை ஏற்றியது. சிலருக்கு மரத்தூளும் கண்ணாடித்தூளும் சேர்த்து. இதிலும் எலும்பு, தசைச் சோதனைகளிலுமாகச் சிக்கிய போலந்துப் பெண்கள் 74 பேர். முகாமில் அவர்களுக்குப் பெயர் 'முயல்கள்'.

கத்தி மருத்துவர்கள் கையில் இருந்தது. ஆனால் படுக்கையில் காத்திருந்த பெண்ணுக்கு ஊசி போட ஒரு செவிலியர் வேண்டும். மயக்கம் தெளியும்போது அவளுக்குக் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை மாவுக்கட்டு. என்ன செய்தார்கள் என்று சொல்ல யாரும் இல்லை. ஊசி, கட்டு, காய்ச்சல் பார்ப்பது என்று தனித்தனியாக எடுத்தால் எல்லாம் எந்த வார்டிலும் நடக்கிற வேலைதான். சதி என்ற சொல் இங்கே உதவாது என்பது அதனால்தான்.

ஜெர்மனியில் செவிலியரை 'ஷ்வெஸ்டர்' என்பார்கள். நம் ஊர் 'சிஸ்டர்' தான்; உடன்பிறந்தாள். அந்த 'உடன்'தான் உடந்தையிலும் இருக்கிறது. தமிழில் யோசித்தால் இப்படி மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போருக்குப் பிறகு இந்தச் சோதனைகளுக்காக நடந்த நியூரம்பர்க் மருத்துவர் வழக்கில் கூண்டில் நின்ற 23 பேரில் ஒருவர்கூடச் செவிலியர் இல்லை. இருந்த ஒரே பெண் ஹெர்டா ஓபர்ஹாய்சரும் மருத்துவர். அவருக்கு 20 ஆண்டு விதித்தார்கள்; 1952இலேயே வெளியே வந்து மறுபடி வைத்தியம் பார்த்தார். முகாமின் தலைமைச் செவிலியர் எலிசபெத் மார்ஷலை ஹாம்பர்க்கில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் விசாரித்தது. 1947 மே 3 அன்று தூக்கிலிட்டார்கள்.

சரி, எழுதும்போது? பெயர்ச்சொல்லுக்கு உடந்தை, வினைக்குத் 'துணைபோனார்கள்'. 'ஒத்துழைத்தார்கள்' வேண்டாம், அது நல்ல காரியத்துக்கும் பொருந்தும். 'செவிலியர்களின் பங்களிப்பு' என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்; ரத்ததான முகாம் மாதிரி ஒலிக்கிறது.