ஆள் குறைந்தால் வேலையின்மை குறையுமா?

"ஊர்ல ஆளும் குறையுது, பிள்ளைப்பேறும் குறைஞ்சாச்சு. இருக்கிறவங்களுக்காவது வேலை கிடைக்கணுமே?" நெல்லை மாவட்டம் முக்கூடல் பக்கமிருந்து வந்த கேள்வி.

பிறப்பை முதலில் முடித்துவிடுவோம். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை (2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு). தலைமுறை குறையாமலிருக்க 2.1 வேண்டும். இன்று பிறக்காத குழந்தையால் வேலைக்குப் போட்டி குறைவது இருபது வருஷம் கழித்து. பால்வாடியில் அதன் இடமோ மூன்றே வருஷத்தில் காலி, டீச்சர் வேலைக்கும் ஆபத்து. 'மக்கள்தொகைப் பெருக்கமே வேலையின்மைக்குக் காரணம்' என்று பள்ளிக் கட்டுரையில் எழுதவைக்கிறோமே, என் கணக்கில் அதுவும் ஒரு மூடநம்பிக்கைதான். வாயோடு கையும், கையோடு செலவும் சேர்ந்தே வருகின்றன.

வேடிக்கை வேலையின்மை விகிதத்தில் இருக்கிறது. வேலை தேடுவோரை, வேலையில் இருப்போரும் தேடுவோரும் சேர்ந்த தொகையால் வகுப்பதே அது. தேடாதவர் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

கற்பனையாக ஓர் ஊர். 15 வயது நிறைந்தவர் 780 பேர். 400 பேருக்கு வேலை உண்டு, 20 பேர் தேடுகிறார்கள். விகிதம் 20/420, அதாவது 4.8%. வீட்டில் பீடி சுற்றுபவர்களுக்குப் பீடிக்கடையில் இலை கொடுப்பது நின்று, 40 பெண்கள் பீடி சுற்றும் சொளவை (முறத்தை) மூலையில் சாய்த்து வைக்கிறார்கள். பிள்ளைகளை விட்டு வெளியூர் போக வழியில்லை, தேடவும் இல்லை. இப்போது 20/380: 5.3%. நாற்பது பேர் பிழைப்பு போயும் ஏறியது அரைப் புள்ளி! அடுத்த மாதம் தேடியவர்களில் 10 பேர் திருப்பூர் பஸ் ஏறுகிறார்கள். 10/370: 2.7%. ஒரு வேலைகூடப் புதிதாக வரவில்லை. விகிதம் பழைய அளவுக்கும் கீழே இறங்கிவிட்டது.

ஆகவே பக்கத்திலிருக்கும் இன்னொரு எண்ணையும் பாருங்கள்: 15 வயது நிறைந்தவர்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்பது. முன்பு 400/780, 51.3%. இப்போது 360/770, 46.8%. இதில் ஒளிவு மறைவு இல்லை.

ஆனால் அதுவும் கேட்கிற விதத்தைப் பொறுத்தது. அரசின் வேலை ஆய்வில் வாரக் கணக்குப்படி, கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே வேலையில் இருப்பவர். வாசலில் நின்று "என்ன வேலை பாக்கிறீங்க?" என்றால், காலையில் ஐந்நூறு பீடி சுற்றியவரும் "வீட்லதான் சும்மா இருக்கேன்" என்பார். "இந்த வாரம் கடைக்குப் பீடி கொடுத்தீங்களா?" என்று கேட்டால்தான் உண்மை வரும். கேட்பவருக்கு நேரமும் பயிற்சியும் வேண்டும். அங்கே காசைச் சுருக்குவது எனக்குப் பிடிக்காத சிக்கனம். சதவீதத்தைத் தலைக்கணக்காக்க மக்கள்தொகை தெரிய வேண்டும். கையில் இருக்கும் முழுக் கணக்கெடுப்போ 2011இல் எடுத்தது. தென்காசி பிரியாத (பிரிந்தது 2019) நெல்லைக்கு அதில் 30.77 லட்சம் பேர்.

கங்கைகொண்டானில் புது ஆலை, இத்தனை பேருக்கு வேலை என்று செய்தி வந்தால் இப்படிக் கணக்குப் போடுங்கள். அந்த வருஷம் 15 வயதைத் தொட்டவர்களோடு குடிவந்தவர்களைக் கூட்டி, அதே வயதுப் பிரிவில் இறந்தவர்களையும் வெளியேறியவர்களையும் கழியுங்கள். 1,000 பேர் மிஞ்சினால், நம் கற்பனை ஊரின் பழைய 51.3% அப்படியே நிற்பதற்கே 513 வேலை வேண்டும். 400 வந்தால், வேலை கூடியும் வேலையில் இருப்போர் விகிதம் இறங்கும்.